பிளே ஸ்கூல் பார்க்க ஸ்நாக்ஸ் நேரத்துக்குப் போ

தங்கச்சி, பிள்ளைக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, ஒரு முறை ஆஸ்பத்திரி வரை போய்வந்தாயிற்று, இப்போது அவனை பிளே ஸ்கூலில் விட வேண்டும் என்றால் வயிறு எப்படிக் கலங்கும் என்று எனக்குத் தெரியும். என் மகனுக்கு மூன்று வயதானபோது நானும் அப்படித்தான் ஏறி இறங்கினேன். ஒரு ஸ்கூலில் சேர்த்து நிறுத்தி, இன்னும் இரண்டைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வந்து, நான்காவது இடத்தில்தான் மனசு நின்றது.

காலை ஒன்பது மணிக்குப் பார்க்கப் போனால் ஆபீஸ் அறையும் பிரின்சிபாலும்தான் கண்ணில் படும். பத்தரைக்குப் போ. அப்போதுதான் டப்பாக்கள் திறக்கும். யார் டப்பாவில் யார் கை போகிறது, ஒரே ஸ்பூனால் எத்தனை பிள்ளைகளுக்கு ஊட்டுகிறார்கள் என்று நின்று பார். சாப்பிட்டதும் கை கழுவ வைக்கிறார்களா, சானிடைசரைத் தடவி அனுப்பிவிடுகிறார்களா என்றும் கவனி. சானிடைசர் கிருமியைக் கொல்லும். விரலில் ஒட்டிய கடலைப் புரதத்தை எடுக்காது. சோப்பு போட்டுக் கழுவினால்தான் போகும்.

நான் முதலில் சேர்த்த ஸ்கூலில், “நாங்க பாத்துக்கறோம் மேடம், கவலையேபடாதீங்க” என்றார்கள். நம்பினேன். பதினைந்தாம் நாள் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள். டீச்சர் லீவு. கொட்டை போட்ட சாக்லேட் என் மகன் கையிலும் இருந்தது. அவன் பிரிப்பதற்குள் நான் அழைத்துப்போக வந்துவிட்டேன். அங்கே கெட்ட மனசுக்காரர் யாரும் இல்லை. பிரின்சிபாலிடம் நான் சொன்னது ஆயாவின் காதுக்குப் போகவே இல்லை. ஊட்டுவது, வாய் துடைப்பது, டாய்லெட்டுக்கு அழைத்துப்போவது எல்லாம் அந்த அம்மாதான். அன்றிலிருந்து நான் ஆயாவைப் பார்த்துத்தான் ஸ்கூலை எடைபோட்டேன். “அவங்ககிட்ட ஐந்து நிமிஷம் பேசலாமா?” என்று கேள். தயங்கினால் அந்த ஸ்கூல் வேண்டாம்.

பேசும்போது அவர் புழங்கும் சொல்லிலேயே பேசு. ‘கடலை’ என்று மட்டும் சொன்னால் ஒருவருக்குப் பொட்டுக்கடலை நினைவுக்கு வரும், இன்னொருவருக்குக் கொண்டைக்கடலை. விழுப்புரம், கடலூர்ப் பக்கத்துக்காரர் என்றால் மல்லாட்டை என்று சொன்னால்தான் சட்டென்று புரியும். படத்தையும் காட்டிவிடு. ‘அலர்ஜி’ என்றால் பலருக்கு அரிப்பு, தடிப்பு மட்டும்தான். “இதைத் தின்னா இவனுக்கு மூச்சு அடைச்சிரும்” என்று நேராகவே சொல்.

கடலை நேரில் மட்டும் வராது. புளியோதரையில் வரும், சட்னியில் வரும், இட்லிப் பொடியில் வரும், சத்துமாவில் அரைபட்டு வரும். செக்குக் கடலை எண்ணெயில் புரதம் தங்கியிருக்கும் என்பதால் ஸ்கூலிலேயே சமைக்கிறார்கள் என்றால் எண்ணெய் டின்னைக் காட்டச் சொல்வதில் தப்பே இல்லை. கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் பெருங்காயத்தைக் கேள். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். வகுப்பில் உருட்டி விளையாடும் கலர் மாவும் பல சமயம் கோதுமைதான். பாக்கெட் உணவில் கோதுமை, பால், முட்டை, மீன், வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், சோயா இருந்தால் லேபிளில் தனியாகச் சொல்ல வேண்டும் என்று நம் நாட்டின் 2020ஆம் வருட லேபிள் விதிகள் சொல்கின்றன. உதிரியாகக் கட்டிக் கொடுக்கும் பலகாரத்தில் அந்த லேபிள் ஏது?

எனக்கு இன்றும் பயம் தருவது பண்டிகை நாட்கள்தான். ஆயுத பூஜைப் பொரியில் வேர்க்கடலை கலந்திருக்கும், நவராத்திரிக்குச் சுண்டல் வரும், பிறந்தநாளுக்குக் கேக். அவன் பெயர் எழுதிய ஒரு டப்பாவில் அவனுக்கு ஆகும் தின்பண்டத்தைப் போட்டு வகுப்பிலேயே வைத்துவிடு. மற்றவர்கள் தின்னும்போது அவன் வெறும் வாயோடு உட்கார மாட்டான். ‘பத்திரம்’ என்று சொல்லி அவனைத் தனி மூலையில் உட்கார வைக்க விடாதே. மேஜையின் ஓரத்து நாற்காலி, பக்கத்தில் அவனுக்கு ஆகாதது எதுவும் கொண்டுவராத ஒரு தோழன், அது போதும்.

இனி மருந்து. செட்ரிசின் சிரப் அரிப்பைத்தான் தணிக்கும். அடைக்கிற மூச்சைத் திறக்காது. கடுமையான அலர்ஜிக்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி, அதுவும் தொடையின் வெளிப்பக்கத் தசையில். தானாக இறங்கும் பேனா ஊசி நம்மூர் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. அதனால் உன் டாக்டர் ஆம்பூலும் சிரிஞ்சும் எழுதிக் கொடுக்கலாம். அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது. எடை ஏற ஏற டாக்டரிடம் மறுபடி கேட்டு மாற்று. எந்த அறிகுறிக்கு என்ன செய்வது என்று ஒரே பக்கத்தில், தமிழில், டாக்டரிடம் எழுதி வாங்கு. அது வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். ஊசி பூட்டிய பீரோவிலும் வேண்டாம், ஃபிரிட்ஜிலும் வேண்டாம். வெயில் படாத, பெரியவர் கைக்கு உடனே எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஊசி போட இரண்டு பேராவது பழகியிருக்க வேண்டும். ஒருவர் லீவு போட்டால் என்ன ஆகும் என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

வரிசையும் முக்கியம்: முதலில் ஊசி, பிறகு 108, அப்புறம்தான் உனக்கு போன். பிள்ளையைப் படுக்க வைக்க வேண்டும். மூச்சு திணறினால் சாய்த்து உட்கார வைக்கலாம். எழுப்பி நடத்தக் கூடாது. தெளிந்துவிட்டான் என்று தோன்றினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்பி வரலாம். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியாது. “நாக்கு காரமா இருக்கு”, “தொண்டையில ஏதோ இருக்கு” என்பார்கள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் இருமல், வாந்தி, திடீர்ச் சோர்வு வந்தாலும் கவனிக்கச் சொல்.

நான்காவது ஸ்கூலில் டீச்சருக்கு நான் சொல்லிக் கொடுத்ததைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயா, “அந்த ஊசியை எனக்கும் காட்டிக் குடுங்கம்மா” என்று கேட்டார். அங்கேதான் ஃபீஸ் கட்டினேன். கட்டடம் பழசு, விளையாட ஒரே ஒரு சறுக்குமரம்தான். என் பிள்ளை இரண்டு வருஷமும் அங்கே பத்திரமாக இருந்தான்.

அட்மிஷன் ஃபாரம் வாங்குவதற்கு முன், வீட்டில் இருக்கிற ஊசி மருந்தை இன்றைக்கே எடுத்து அதன் காலாவதித் தேதியைப் பார்த்துவிடு, தங்கச்சி.