நாரி நோவுக்கு ஒரு பாயும் மூன்று பயிற்சிகளும்

மன்னாரில், பேசாலையிலோ தலைமன்னாரிலோ படகிலிருந்து எஞ்சினைக் கழற்றித் தோளில் ஏற்றிக்கொண்டு மணலில் நடப்பவரைக் கொஞ்சம் கவனித்தால் போதும், நாரி நோ எங்கிருந்து வருகிறது என்று விளங்கிவிடும். 15 குதிரைவலு எஞ்சின் சுமார் 35 கிலோ இருக்கும். கரைவலை இழுப்பது, வலையில் சிக்கிய நண்டைக் கழற்றுவது, வாடியில் குந்தியிருந்து கருவாட்டுக்கு மீன் கிழிப்பது என்று இந்தக் கரையில் பாதி வேலை குனிந்தபடியே நடக்கிறது.

நாரி பிடித்ததும் பலர் செய்வது மூன்று: தைலம் பூசுவது, பெல்ட் கட்டுவது, படுத்துவிடுவது. நாட்பட்ட நாரி நோவுக்காக 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, பெல்ட் வேண்டாம் என்கிறது, உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. நாட்கணக்கில் படுத்திருந்தால் தசைகள்தான் தளரும்.

எந்தப் பயிற்சி? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் மூன்றைத் தேர்ந்தெடுத்தார். வயிறு, விலா, முதுகுத் தசைகள் பாய்மரத்தை இழுத்துக் கட்டும் கயிறுகள் போன்றவை. எல்லாப் பக்கமும் சமமாக இறுகினால்தான் மரம் அசையாமல் நிற்கும். அந்த இறுக்கத்தைப் பழக்குவதே நோக்கம். இதற்கு ஓலைப்பாய் ஒன்று போதும்.

முதலில் கையையும் முழங்காலையும் ஊன்றி, முதுகை மெதுவாக மேலே வளைத்துக் கீழே இறக்க வேண்டும். ஏழெட்டுத் தடவை. இது உடம்பை இளக்குவதற்கு மட்டுமே, அழுத்தித் தள்ளக் கூடாது.

மூன்றில் முதலாவதுக்கு மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி மற்றதை நீட்டவும். நாரிக்குக் கீழே உள்ள பள்ளத்தில் இரு உள்ளங்கைகளையும் வைத்து, தலையையும் தோளையும் தரையிலிருந்து சற்றே உயர்த்தவும். கை நசுங்கினால் நாரி தட்டையாகிறது என்று பொருள். உயரத்தைக் குறைக்க வேண்டும்.

இரண்டாவது, பக்கவாட்டில் படுத்து, தோளுக்கு நேர்கீழே முழங்கையை ஊன்றி, முழங்கால்களை மடக்கியபடி இடுப்பைத் தூக்குவது. தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இரு பக்கமும் செய்ய வேண்டும். பழகிய பிறகு காலை நீட்டிச் செய்யலாம்.

மூன்றாவதில்தான் பலர் தவறுகிறார்கள். கையும் முழங்காலும் ஊன்றிய நிலையில் வலக்கையை முன்னாலும் இடக்காலைப் பின்னாலும் நீட்ட வேண்டும். பிறகு மாற்றிச் செய்ய வேண்டும். காலை உயரத் தூக்குவதல்ல விஷயம், இடுப்பு சரியாமல் இருப்பதுதான். நாரிமேல் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். அது விழுந்தால் கால் தேவைக்கு மேல் உயர்ந்திருக்கிறது.

ஒவ்வொரு நிலையிலும் 10 விநாடிக்கு மேல் நிற்க வேண்டாம். மூச்சை அடக்கவும் கூடாது. முதல் சுற்றில் 6 தடவை, அடுத்து 4, கடைசியில் 2. களைப்பு ஏற ஏற எண்ணிக்கை குறைவதால் முறை பிசகாது. செய்யும்போது நோ கூடினாலோ காலுக்குப் பரவினாலோ அந்தப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும்.

விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும்: இரவில் படுத்திருக்கும்போது முள்ளந்தண்டின் இடைத்தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்ததும் குனிந்து பாரம் தூக்கினால் அவற்றின்மீது அழுத்தம் அதிகம். எழுந்தவுடன் எஞ்சினைத் தூக்காமல் கொஞ்சம் நடமாடிவிட்டு, முடிந்தால் இருவராகத் தூக்குவது நல்லது. பயிற்சியையும் பின்னேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கருவாடு காயப்போடும் பரணை இடுப்பளவுக்கு உயர்த்தினால் பெண்களின் குனிவும் குறையும்.

இந்த மூன்றும் மற்றப் பயிற்சிகளை விட மேலானவை என்று ஆய்வுகள் நிறுவவில்லை. விடாமல் செய்வதே பலன் தருகிறது. நடையும் உதவும்: 2024இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், நோ குணமான 701 பேரில் ஒரு பகுதியினருக்கு நடைப்பயிற்சித் திட்டம் தரப்பட்டது. அவர்களுக்கு நோ திரும்பிவர இடைநிலையாக 208 நாட்கள் ஆயின; மற்றவர்களுக்கு 112. ஈரமணல் இறுகிக் கிடக்கும் கரையோரம் இருக்கும்போது நடக்க வேறு இடம் தேட வேண்டியதில்லை.

சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் பலமிழந்தாலோ, நோவுடன் காய்ச்சல் வந்தாலோ, விழுந்தபின் நோ தொடங்கினாலோ பயிற்சி எதையும் தொட வேண்டாம். அன்றைக்கே மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.