கைப்பேசியால் இயங்கும் பம்பு செட்டு: பொருத்துமுன் கவனிக்க வேண்டியவை

பாகூர் ஏரிக்குச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் வருகிறது. ஏரி வற்றும் மாதங்களில் போர்த் தண்ணீர்தான் கழனியைக் காப்பாற்றுகிறது. வில்லியனூர் பக்கத்திலும் நெல்லுக்கும் கரும்புக்கும் இதே நிலைதான். மின்சாரம் போய் நள்ளிரவில் திரும்பினால், டார்ச்சு விளக்குடன் வரப்பில் நடந்து மோட்டாரைப் போட வேண்டியிருக்கிறது. வழியில் பாம்பு பயம் உண்டு. ஈரக் கையுடன் ஸ்டார்ட்டரைத் தொடும் ஆபத்தும் உண்டு.

இந்தத் தொல்லைக்குக் கைப்பேசி ஸ்டார்ட்டர் நல்ல தீர்வாகும். பூனாவைச் சேர்ந்த பொறியாளர் சந்தோஷ் ஒஸ்த்வால் உருவாக்கிய ‘நானோ கணேஷ்’ கருவி 2009ஆம் ஆண்டில் நோக்கியா நிறுவனம் நடத்திய போட்டியில் பரிசு பெற்றது. இன்று பல நிறுவனங்கள் இத்தகைய கருவிகளை விற்கின்றன. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கொட்டகையில் நிற்கும்போது மோட்டார் உறுமும் ஓசையை உங்கள் காது கேட்கிறது. காயில் கருகும் வாடையை மூக்கு அறிகிறது. குழாயில் தண்ணீர் விழுவதைக் கண் பார்க்கிறது. வீட்டிலிருந்து மோட்டாரைப் போட்டால் இந்தக் காவல் மூன்றும் இல்லை. அவற்றின் வேலையைச் செய்யும் பாதுகாப்புகளை முதலில் பொருத்திய பிறகே கருவியை வாங்குங்கள்.

மின் இணைப்பு

கைப்பிடியை இழுத்து ஓட்டும் பழைய ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் இக்கருவி வேலை செய்யாது. பொத்தானை அழுத்தினால் தானே இயங்கும் ஸ்டார்ட்டர் வேண்டும். கருவியின் ‘ஆன்’ ரிலேயைப் பச்சைப் பொத்தானுக்கு இணையாகவும், ‘ஆஃப்’ ரிலேயைச் சிவப்புப் பொத்தானுடன் தொடராகவும் இணைக்க வேண்டும். இப்படி இணைத்தால் ஓவர்லோடு ரிலே எப்போதும் சுற்றுக்குள்ளேயே இருக்கும். வேலை சுலபம் என்று சில எலெக்ட்ரீசியன்கள் ஓவர்லோடு ரிலேயையும் பிரிவென்டரையும் தாண்டி நேராக ஒயர் கொடுத்துவிடுகிறார்கள். இதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். வேலை முடிந்ததும் மோட்டாரை ஓடவிட்டு, ஓவர்லோடு ரிலேயின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மோட்டார் நின்றால்தான் கூலி கொடுக்கலாம்!

மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உடனே நிற்பதில்லை. மற்ற இரண்டு பேஸிலும் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு ஓடிக் காயிலைக் கருக்கும். நின்றிருக்கும் மோட்டாரோ கிளம்பாமல் உறுமும். ஆகவே பிரிவென்டர் கட்டாயம் தேவை. கெப்பாசிட்டர் வைத்து இரண்டு பேஸில் மோட்டாரை ஓட்டும் பழக்கமுள்ளவர்கள் கைப்பேசி ஸ்டார்ட்டரை நாடாமல் இருப்பதே நல்லது.

தண்ணீர் இல்லாமல் ஓடினால்

நீர்மூழ்கி மோட்டாருக்குத் தண்ணீர்தான் உயவும் குளிர்ச்சியும். போரில் நீர் இறங்கி மோட்டார் வெறுமனே ஓடினால் புஷ்களும் தாங்கிகளும் தேய்ந்து போகும். கிணற்று மோனோபிளாக்கிலும், ஃபுட் வால்வு கசிந்து குழாய் நீர் இறங்கிவிட்டால் இதே கதிதான். மோட்டார் வெறுமனே ஓடும்போது ஆம்பியர் குறையும். அதை அறிந்து மோட்டாரை நிறுத்தும் வசதி கருவியில் இருக்க வேண்டும். தண்ணீர் நன்றாக விழும்போது எத்தனை ஆம்பியர் காட்டுகிறது என்று குறித்துவைத்து, அதற்கேற்ப அமைக்கச் சொல்லுங்கள்.

ஆள் இறங்கும்போது

குளிர் நாடுகளில் டீசல் லாரியை வீட்டுக்குள்ளிருந்தே கிளப்பிச் சூடேற்றும் ரிமோட் ஸ்டார்ட்டர் உண்டு. கியர் நியூட்ரலில் இல்லையென்றாலோ, பானெட் திறந்திருந்தாலோ எஞ்சின் கிளம்பாதபடி அதில் தடை வைத்திருப்பார்கள். பானெட்டுக்குள் ஒருவர் கை விட்டிருக்கலாம் அல்லவா? நம் பம்பு செட்டில் அந்தத் தடையை நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். கிணற்றில் இறங்கும்போதும், பெல்ட்டையோ குழாயையோ தொடும்போதும், மெயின் சுவிட்சை நிறுத்தி மூன்று பியூஸ் கட்டைகளையும் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புப் பொத்தானை மட்டும் நம்பாதீர்கள். வீட்டிலிருக்கும் பையன் தெரியாமல் மிஸ்டு கால் கொடுத்தாலும் மோட்டார் கிளம்பிவிடும். உங்கள் எண்ணையும் குடும்பத்தில் இன்னொருவர் எண்ணையும் மட்டும் பதிந்தால் போதும்.

‘ஆட்டோ’வில் விட்டிருந்தால், மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடும். அப்படிப் பல மோட்டார்கள் ஒரே நொடியில் கிளம்பினால் மின் அழுத்தம் இறங்கிவிடும். பக்கத்துக் கழனிக்காரருடன் பேசி, ஒருவர் 1 நிமிடம், மற்றவர் 3 நிமிடம் என்று தாமதத்தை மாற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மணி ஓட்டுவது?

படுக்கையிலிருந்தே மோட்டாரைப் போடுபவர் அதை நிறுத்த மறந்து தூங்கிவிடுவதும் உண்டு. கடலோரம் வரை நீளும் பாகூர்ப் பகுதியில் இது மின்சாரச் செலவோடு நிற்கும் விஷயமன்று. அளவுக்கு மேல் இறைத்தால் நிலத்தடியில் உவர்நீர் உள்ளே ஏறும். ஆகவே டைமரைப் பயன்படுத்துங்கள். 200 லிட்டர் பீப்பாய் 24 விநாடியில் நிரம்பினால், உங்கள் பம்பு மணிக்கு 30,000 லிட்டர் இறைக்கிறது. ஒரு ஏக்கரில் 5 செ.மீ. நீர் நிறுத்த ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் வேண்டும். அதாவது சுமார் 6 மணி 45 நிமிடம். வாய்க்காலில் ஊறிப்போவதற்குச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். கட்டிய நீர் வடிந்தபின் அடுத்த பாசனம் செய்தால் போதும்.

சிம் கார்டு விஷயத்திலும் கவனம் வேண்டும். 2ஜி கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது. கொட்டகைக்குள் எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது என்று பார்த்தபின் சிம் வாங்குங்கள். ரீசார்ஜ் முடியும் நாளைக் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள். மானியம் பற்றி ஒரு சொல்: பாகூரில் வரப்புக்கு அந்தப் பக்கம் கடலூர் மாவட்டமாக இருக்கலாம், ஆனால் தமிழ்நாட்டு மானியம் புதுச்சேரி நிலத்துக்குக் கிடைக்காது. நம் பகுதி வேளாண் அலுவலரிடமோ, குரும்பாபேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டறிந்து, அதன்பின் கருவிக்கு முன்பணம் கொடுங்கள்.