பழம்பட்டுக்கு வயது சொல்ல வந்த தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

பழைய காஞ்சிப் பட்டுகளைத் தேடிப் பதிவு செய்யப்போவதாக எழுதியிருந்தாய். மனசு நிறைந்துபோயிற்று. பிள்ளையார்பாளையத்திலும் ஐயம்பேட்டையிலும் நெய்யத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நெய்ததைக் கையில் வாங்கி, இது எந்தக் காலத்துச் சரக்கு என்று நிதானமாகச் சொல்கிறவர்கள்தான் அரிது. அதனால் கொஞ்சம் மங்கிய புடவை எல்லாமே 'நூறு வருஷப் புடவை' ஆகிவிடுகிறது. அந்தப் பேச்சை நீ பேசாதே.

இது எந்த வருஷத்தில் நெய்தது என்று முதலிலேயே கேட்காதே. எந்த வருஷத்துக்கு முன்னால் இதை நெய்திருக்கவே முடியாது என்று கேள். நம் வேலைக்கு முதுகெலும்பு இந்தக் கேள்விதான்.

நிறத்தை எடுத்துக்கொள். முதல் செயற்கைச் சாயமான ஊதாவை லண்டனில் பெர்கின் கண்டுபிடித்தது 1856இல். மஞ்சிட்டி வேரிலிருந்து எடுத்துவந்த சிவப்பை ஆய்வுக்கூடத்தில் செய்தது 1868இல். செயற்கை அவுரி ஜெர்மனியிலிருந்து விற்பனைக்கு வந்தது 1897இல். புடவையில் செயற்கை ஊதாதான் இருக்கிறது என்று சோதனையில் தெரிந்துவிட்டால், எவர் எவ்வளவு பழங்கதை சொன்னாலும் அது 1856ஐத் தாண்டிப் பின்னால் போகாது. மூலிகைச் சாயம் என்று சொல்லி விலை ஏற்றுகிறவர்களிடம் சண்டை போடாதே. சோதித்துப் பார்த்தாயிற்றா என்று மட்டும் கேள். நிறத்துக்கு வைத்த பெயரும் ஏமாற்றும். எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக முத்துச் செட்டியார் நெய்து தந்த நீலம் 'எம்.எஸ். ப்ளூ' என்று புகழ் பெற்றது. பிறகு வந்த நீலங்கள் எத்தனையோ அந்தப் பெயரில் விலை போயின.

அடுத்தது ஜரிகை. நயம் ஜரிகையின் நடுவில் சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூல் இருக்கும். அதன்மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, தங்க முலாம் பூசியிருப்பார்கள். பிரிந்து தொங்கும் ஒரு இழையை நகத்தால் சுரண்டினால் உள்ளிருக்கும் சிவப்பு தெரியும். வெள்ளி மிகுந்தது நாளானால் கறுக்கும். செம்பு மிகுந்தது பச்சை பூக்கும். உலோகம் பூசிய பிளாஸ்டிக் இழை என்றால் கவலையே இல்லை: அந்த வகைக்கு முன்னோடியான லூரெக்ஸே அமெரிக்காவில் 1946இல்தான் பிறந்தது. 1971இல் காஞ்சிபுரத்தில் அரசின் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் வருவதற்கு முன் நம் தறிகள் பெரும்பாலும் சூரத்தையே நம்பியிருந்தன. புவிசார் குறியீட்டு ஆவணத்தில் ஜரிகைக்கு 57 சதவீதம் வெள்ளி, 0.6 சதவீதம் தங்கம் என்று போட்டிருக்கிறது. அந்தக் கணக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்து வயது சொல்லிவிட முடியாது. பியூர், ஹாஃப் ஃபைன், டெஸ்டெட் என்று பல தரமும் பக்கத்துப் பக்கத்துத் தறிகளிலேயே ஒரே காலத்தில் ஓடியிருக்கின்றன.

இனி புடவையைப் புரட்டிப் போடு. உட்புறம்தான் நீ படிக்க வேண்டிய பக்கம். உடலும் கரையும் சேரும் இடத்தில், மூன்று நாடா போட்டு இருவர் நெய்த கோர்வை என்றால், ஊடைகள் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்திருக்கும். முந்தி தொடங்கும் இடத்தில் பழைய பாவோடு புதுப் பாவைப் பிணைத்த பெட்னி தடித்த வரியாக விரலில் தட்டும். இவை கைவேலைக்குச் சாட்சி, காலத்துக்குச் சாட்சி ஆகா. இன்றும் அப்படி நெய்கிறார்கள். காலத்துக்குக் கொஞ்சம் உதவுவது புட்டாவும் கரை வேலையும். நூல் கட்டி இழுக்கும் அடை முறையில் கோபுரம், ருத்ராட்சம், மயில்கண் போலத் திரும்பத் திரும்ப வரும் சிறு உருக்கள்தான் கைக்கு அடங்கும். கரையை மீறி வளைந்தோடும் பெரிய கொடியும் உருவப்படமும் வந்தால் ஜக்கார்டு வந்தபின் நெய்தது என்று சந்தேகப்படு. ஆனால் உருவை மட்டும் வைத்து முடிவு கட்டாதே. ருக்மிணி தேவி அருண்டேல் 1937இல் கலாக்ஷேத்ராவில் நெசவுப் பிரிவு தொடங்கிப் பழைய கரைகளையும் நிறங்களையும் மீட்டெடுத்தார். மீட்டெடுத்தது வழக்கத்துக்கு வந்த பிறகு, யாளியும் இருதலைப்பட்சியும் பார்த்த மாத்திரத்தில் 'பழசு' என்று சொல்லும் உரிமை நமக்குப் போய்விட்டது.

அமெரிக்காவில் பழைய ஃபெடோரா தொப்பி சேர்ப்பவர்கள் உட்பட்டையைத் திருப்பித் தொழிற்சங்கச் சீட்டைத் தேடுவார்கள். 1934இல் சங்கங்கள் ஒன்றாக இணைந்தபோது சங்கத்தின் பெயர் மாறியது. சீட்டிலுள்ள பெயரைப் படித்தால் தொப்பி அதற்கு முன்னா பின்னா என்று ஊகிக்கலாம். நம் புடவையில் அப்படி ஒன்றும் தைத்திருப்பதில்லை. ஆனால் அட்டைப்பெட்டியும் பில்லும் பல வீடுகளில் இருக்கின்றன, அவற்றை யாரும் மதிப்பதில்லை. நீ மதி. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது. ணை, லை, னை எழுத்துகளில் பழைய துதிக்கைக் கொம்பு இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னதாக இருக்க வாய்ப்பு அதிகம்; சில அச்சகங்கள் பழைய எழுத்தைப் பல வருஷம் விடவில்லை. காஞ்சிபுரம் மாவட்டம் என்று அச்சிட்டிருந்தால் 1997க்குப் பிறகு. அதற்கு முன் செங்கல்பட்டு மாவட்டம், இடையில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். சில்க் மார்க் 2004இல் வந்தது, கைத்தறி முத்திரை 2006இல். ஒன்றை மறக்காதே: பெட்டிக்கு வயது சொன்னதால் புடவைக்குச் சொன்னதாகாது. அத்தையின் புடவையை மருமகளின் பெட்டியில் வைக்காத வீடு எது?

அழுக்கும் கிழிசலும் வயதைக் காட்டும் என்று நம்பாதே. மடிப்பு மாற்றாமல் பீரோவில் கிடந்தால் இருபது வருஷப் பட்டும் ஜரிகை ஓரமாக இற்றுப்போகும். பருத்தித் துணியில் சுற்றி, அடிக்கடி மடிப்பு மாற்றி வைத்த பாட்டி புடவை நேற்று வாங்கியதுபோல் இருக்கும். இன்னொன்று: ஆறு கெஜத்தைப் பார்த்ததும் ஆறு கெஜமாகவே நெய்தது என்று நினைக்காதே. ஒன்பது கெஜத்தை வெட்டிப் பேத்திக்குப் பாவாடை தைத்தது போக மிஞ்சியதாக இருக்கலாம். இரண்டு தலைப்பையும் பார். ஒன்றில் கத்தரி பட்ட ஓரம் மடித்துத் தைத்திருக்கும்.

வீட்டுப் பெரியவர்களிடம் 'எந்த வருஷம்' என்று கேட்டால் பதில் வராது. 'அத்திவரதர் போன தடவைக்கு முந்தின தடவை வந்தப்போவா, அதுக்கு முன்னாடியா' என்று கேள், 1979 கிடைத்துவிடும். 'அண்ணா இறந்தப்போ இந்தப் புடவை வீட்டில் இருந்ததா' என்றால் 1969. கல்யாணப் பத்திரிகை இருந்தால் அதிலுள்ள தமிழ் வருஷத்தைக் குறித்துக்கொள். சித்தார்த்தி என்றால் 1979-80. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும் என்பதால் அடுத்து மாப்பிள்ளையின் வயதையும் கேள். அவர்கள் சொன்னதைச் சொன்னபடி ஒரு பக்கம் எழுது, துணி காட்டியதை எதிர்ப்பக்கம் எழுது. இரண்டும் முரண்பட்டால் இரண்டையும் அப்படியே விட்டுவை. பாட்டியின் சொல்லைத் திருத்தி எழுதுவது நம் வேலை இல்லை.

கடைசியாக, இந்த வேலைக்கு அவசரம் ஏன் என்று சொல்கிறேன். பழைய பட்டுப்புடவை வாங்குகிறோம் என்று பலகை வைத்திருக்கிறார்களே, அங்கே போகிற நயம் ஜரிகைப் புடவைகளில் பெரும்பாலானவை வெள்ளிக்காக எரிக்கப்படுகின்றன. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் பீரோக்கள் காலியாகின்றன. பணமுடையில் விற்கிறவரை நீ தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. மருத்துவச் செலவுக்கோ பள்ளிக் கட்டணத்துக்கோ விற்பவரிடம் பாரம்பரியம் பேசுவது கொடுமை. ஒரே ஒரு நாள் கடன் கேள். பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடு. பெட்னி, கோர்வை, புட்டாவின் உட்புறம் மூன்றையும் அளவுகோல் வைத்து நெருக்கத்தில் எடு. நீளம், அகலம், எடை எழுது. பிரிந்து கிடக்கும் ஜரிகை இழை ஒன்றையும் பட்டு இழை ஒன்றையும் அவர்கள் சம்மதத்தோடு தாளில் ஒட்டிக்கொள். பெட்டி வேண்டாமென்றால் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொள். புடவையைச் சொன்ன நேரத்தில் திருப்பிக் கொடு. ஒரு வீட்டில் வாக்குத் தவறினால் அந்தத் தெருவே உனக்குக் கதவடைத்துவிடும்.

அன்புடன்,
உன் அக்கா