மறுபடியும் பகடை உருட்டலாமா?

கேள்வி: 1990-களில் கல்லூரி நண்பர்களோடு விடிய விடிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பகடை உருட்டும் கதாபாத்திர விளையாட்டை ஆடியிருக்கிறேன். இப்போது விதிகளெல்லாம் மாறிவிட்டனவாமே, எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை, தாராளமாகத் திரும்பி வாருங்கள். நீங்கள் ஆடியது அநேகமாக 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பு. அதில் கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். ‘தாக்கோ’ என்ற எண்ணிலிருந்து அதைக் கழித்துத்தான் அடி விழுமா என்று பார்க்க வேண்டும். 2000-இல் மூன்றாம் பதிப்பு அந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. இப்போது இருபது முகப் பகடையை உருட்டி, உங்கள் கூட்டல் எண்ணைச் சேர்த்து, எதிரியின் கவச எண்ணை எட்டினால் அடி விழும்.

2014-இன் ஐந்தாம் பதிப்பில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. நிலைமை சாதகமென்றால் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம், பாதகமென்றால் சிறியது. ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைத்த சில்லறைக் கூட்டல் கழித்தல்கள் பெரும்பாலும் ஒழிந்தன. 2024-இல் இந்தப் பதிப்பின் விதிநூல்கள் திருத்தப்பட்டு வந்தன. உடனே அவற்றை வாங்கிக் குவிக்காதீர்கள், அடிப்படை விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

உண்மையான சிக்கல் நேரம்தான். வேலை, குடும்பம் என்றான பின் வாராவாரம் ஐந்து பேரைக் கூட்டுவது பெரும்பாடு. ஒரே அமர்வில் முடிகிற கதையாகத் தொடங்குங்கள். பழைய நண்பர்கள் பழைய விதிகளையே விரும்பினால், பரணிலிருக்கும் அந்தப் புத்தகங்களை வைத்தே ஆடுங்கள். எந்தப் பதிப்பும் காலாவதியாவதில்லை.