மனிதப் புரதம்தான், ஆனால் மனிதருக்கு அல்ல

மாணவர்களே, ஓர் ஆய்வுக்கூடத்தில் விரல்நுனி அளவுள்ள குப்பி ஒன்று உங்கள் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே சில மைக்ரோகிராம் வெள்ளைத் தூள். மேலே ஒட்டியுள்ள தாளில், 'மறுசேர்க்கை மனித எரித்ரோபொயட்டின், ஈ.கோலையில் தயாரித்தது' என்றிருக்கிறது. அதற்குக் கீழே, 'ஆய்வுக்கு மட்டும், மனிதருக்குச் செலுத்தக்கூடாது.' மனிதப் புரதத்தை மனிதருக்கே கொடுக்கக்கூடாதா?

எரித்ரோபொயட்டின் உங்கள் உடலிலும் உண்டு. ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் இதைச் சுரக்கும். உடனே எலும்பு மஜ்ஜை கூடுதல் சிவப்பணுக்களை உருவாக்கும். ஆனால், உடலில் இதன் அளவு மிகச் சொற்பம். 1977-இல் இரத்தசோகை நோயாளிகளிடம் சேகரித்த சுமார் 2,500 லிட்டர் சிறுநீரிலிருந்து சில மில்லிகிராம் மட்டுமே தூய்மையாகக் கிடைத்தது. (சேகரித்தவர்களின் பொறுமையை நினைத்துப் பாருங்கள்!)

இதன் மரபணு கையில் கிடைத்ததும் நிலைமை மாறியது. மரபணுவை பிளாஸ்மிட் என்னும் வளைய டிஎன்ஏவில் பொருத்தி பாக்டீரியாவுக்குள் செலுத்தினால், அதுவே புரதத்தைத் தயாரிக்கும். ஈ.கோலை 20 நிமிடத்தில் இரண்டாகப் பெருகும், செலவும் குறைவு.

சிக்கல் இங்கேதான். எரித்ரோபொயட்டின் 165 அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. மனித உயிரணு அதன்மேல் சர்க்கரைக் கிளைகளை ஒட்டவைக்கும்; மொத்த எடையில் சுமார் 40 விழுக்காடு அந்தச் சர்க்கரைதான். ஆய்வுக்கூட ஈ.கோலைக்கு இந்த வேலை தெரியாது. சர்க்கரை இல்லாத புரதம், தட்டில் வளரும் உயிரணுக்களைத் தூண்டிவிடும். உடலுக்குள் சென்றாலோ இரத்தத்திலிருந்து விரைவில் அகற்றப்பட்டுவிடும். தட்டில் வெற்றி, உடலில் தோல்வி! அதனால்தான் 1989-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து, சர்க்கரை ஒட்டத் தெரிந்த சீன வெள்ளெலியின் உயிரணுக்களில் தயாரிக்கப்பட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. ஈ.கோலையின் வெளிச்சுவர்த் துணுக்குகள் இம்மியளவு கலந்திருந்தாலும் இரத்தத்தில் கலந்ததும் காய்ச்சல் வரும். மருந்தாக வேண்டுமானால் ஒவ்வொரு தொகுதியும் கிருமியின்றி, அளவு பிசகாமல் இருப்பதைச் சோதிக்க வேண்டும். ஆய்வுக் குப்பிக்கு அந்தச் சோதனைகள் எல்லாம் நடப்பதில்லை. சரியான மருந்தேகூட அளவு மீறினால் இரத்தத்தைத் தடிக்கவைத்து உறைகட்டிகளை உண்டாக்கும். சகிப்புத்திறன் கூடும் என்று இதைக் குறுக்குவழியில் ஏற்றிக்கொண்ட மிதிவண்டிப் பந்தய வீரர்கள் விளையாடியது உயிரோடுதான்.

அப்படியென்றால் இந்தக் குப்பி எதற்கு? புரதம் உயிரணுவின் ஏற்பியில் எப்படிப் பொருந்துகிறது, எந்தச் செய்தியை உள்ளே அனுப்புகிறது என்பதைத் தட்டிலேயே பார்ப்பதற்கு. கரைத்த பிறகு சிறு சிறு பங்காகப் பிரித்து உறையவைப்பார்கள். திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் புரதம் வடிவம் குலைந்துவிடும்.