பொது விதிமுறை

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையை அடுத்த சாலைக் கடைத்தெருவில் தமிழரும் மலையாளிகளும் வணிகம் செய்கின்றனர். வீட்டுமொழி வேறாயினும், விலை பேச இருவர்க்கும் தெரிந்த மொழி ஒன்று வேண்டும். கணினிகளுக்கும் அவ்வாறே.

வீட்டில் ஒரு கணினி விண்டோஸிலும், மற்றொன்று கேரளப் பள்ளிகளில் பயன்படும் லினக்ஸிலும் இயங்கலாம். இரண்டையும் கம்பியால் இணைத்தால் மட்டும் போதாது. கோப்புகளைக் கேட்கவும் கொடுக்கவும் பொது விதிமுறை தேவை. விண்டோஸின் விதிமுறை எஸ்.எம்.பி. ஆகும். அதனை லினக்ஸுக்குக் கற்பிக்கும் மென்பொருள் சம்பா. எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் அமைந்ததால் அப்பெயர் பெற்றது. ஆஸ்திரேலியாவில் ஆய்வு மாணவராயிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், கணினிகளிடையே செல்லும் செய்திகளை உற்றுநோக்கி, 1992இல் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். சம்பாவை நிறுவிய பின்னும் லினக்ஸ் லினக்ஸாகவே இருக்கிறது. விண்டோஸுடன் உரையாடவும் செய்கிறது.

சிந்தித்து எழுதுக: பிறமொழி கற்பவர் தாய்மொழியை இழக்க நேருமா?