கடைத்தெருவில் இறங்குமுன்

அன்புள்ள கண்ணு,

நீயும் தெருப் பிள்ளைகளும் சேர்ந்து கவரைப்பேட்டைக் கடைத்தெருவைச் சீர்படுத்தக் கிளம்பியிருப்பதாக உன் அப்பா போனில் சொன்னான். குரலில் பாதி பெருமை, பாதி பயம். சாமான் வாங்கக் கும்மிடிப்பூண்டிக்கும் பொன்னேரிக்கும் போகிற சனத்தை நம் கடைகள் பக்கம் திருப்ப வேண்டும் என்கிறாயாம். நல்ல ஆசைதான். போனில் பேசினால் "சரி பெரியப்பா, சரி பெரியப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஆள் சேருமா என்று கவலைப்படாதே. 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை ராத்திரி. மைசூரு - தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் நம் ஸ்டேஷனில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதிப் பெட்டிகள் தடம்புரண்டன. இருட்டில் முதலில் ஓடியவர்கள் ஊர்க்காரர்கள். பாஷை தெரியாத பயணிகளைக் கைகொடுத்து இறக்கினார்கள். யாரும் அதற்கு முன்னால் சங்கம் வைத்துத் தீர்மானம் போடவில்லை. ஆனால் அந்த வேகத்தை நம்பிக் கடைத்தெரு வேலையில் இறங்கினால், மூன்றாவது வாரம் நீ மட்டும் துடைப்பத்தோடு நிற்பாய். ரயில் மோதினால் ஊருக்கே கேட்கும்; அடைத்துக் கிடக்கும் சாக்கடையின் சத்தம் யார் காதிலும் விழாது.

ஆகவே, மறுபடி மறுபடி செய்ய முடிகிற அளவுக்குச் சின்னதாக ஆரம்பி. பெங்களூரு சர்ச் தெருவில் 2010-ல் கிளம்பிய 'தி அக்லி இந்தியன்' கூட்டம் அப்படித்தான் செய்தது. தெரு முழுவதையும் எடுக்கவில்லை. ஒரு மூலையை எடுத்தார்கள். குப்பை குவிகிற இடத்தில், யார் கொட்டுகிறார்கள், எந்த நேரத்தில், ஏன் அங்கேயே கொட்டுகிறார்கள் என்று முதலில் நின்று கவனித்தார்கள். பிறகு சுத்தம் செய்து, வெற்றிலைக் கறை எடுப்பாகத் தெரியாதபடி சுவரின் கீழ்ப்பாகத்துக்குச் செங்காவி அடித்து, செடி வைத்தார்கள். தங்கள் பேரை வெளியே சொல்லிக்கொள்ளவே இல்லை. நம் ஊரில் இதுதான் கஷ்டம். துடைப்பம் வாங்குமுன் பிளெக்ஸ் அடிப்போம், யார் படம் பெரிசு என்று சண்டை வரும், அதோடு வேலை முடிந்துவிடும். உன் குழுவுக்குப் பேர்கூட வைக்காதே.

உனக்கான மூலை எது என்று கேட்டால், ஸ்டேஷனிலிருந்து வெளியே வரும் வழி என்பேன். சாயங்காலம் மின்சார ரயிலில் இறங்குகிறவர்கள் அங்கே ஐந்து நிமிஷம் நிற்க முடிந்தால்தான் கீரையோ பழமோ வாங்குவார்கள். வெளிச்சம், ஈரமில்லாத தரை, உட்கார ஒரு பலகை போதும். கல்லாவில் நாலு காசு கூடுதலாக விழுவதைப் பார்த்தால் கடைக்காரர்கள் தாங்களாகவே வருவார்கள். ஊர்ப்பற்றை மட்டும் சொல்லி அவர்களை அழைக்காதே.

துப்புரவை முழுக்கத் தன்னார்வத்தில் விடாதே என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1989-ல் சென்னையில் எம்.பி. நிர்மல் ஆரம்பித்த எக்ஸ்னோரா, குப்பை பொறுக்கி ஒதுங்கி வாழ்ந்தவர்களுக்கு மூன்று சக்கர வண்டி கொடுத்து, வீடுதோறும் சிறு தொகை வசூலித்துச் சம்பளம் தந்தது. மாதப் பணமும் கணக்கு நோட்டும்தான் அதன் அச்சாணி. நம் ஊராட்சியின் தூய்மைக் காவலர்களிடம் முதலில் போய் உட்கார்ந்து பேசு. வண்டி ஏன் திரும்ப முடியவில்லை, எந்தக் கடை ராத்திரியில் கொட்டுகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது அனுமதி விஷயம். அமெரிக்காவில் டல்லாஸ் நகரின் ஓக் கிளிஃப் பகுதியில், பெங்களூருக் கூட்டம் கிளம்பிய அதே 2010-ல், அக்கம்பக்கத்தார் சேர்ந்து களையிழந்த கடைத்தெரு ஒன்றை ஒரு வார இறுதிக்கு மட்டும் நாற்காலியும் செடியும் தற்காலிகக் கடையுமாக மாற்றிக் காட்டினார்கள். எந்தெந்த விதியை மீறுகிறோம் என்று எழுதி அங்கேயே ஒட்டியும் வைத்தார்களாம்! எனக்கு அந்தத் துணிச்சல் பிடிக்கும். நீ செய்யாதே. உனக்குக் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. விளக்கும் கால்வாய் மூடியும் கேட்டு, கடைக்காரர்கள் கையெழுத்தோடு மனு எழுதிக்கொண்டு போ. தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகே இடத்தை விட்டு எழுந்திரு.

இனி நீ எதிர்பார்க்காத ஒன்று. வேலை சூடு பிடித்ததும், "முதலில் அந்தப் பூக்காரியையும் தள்ளுவண்டியையும் அப்புறப்படுத்து" என்று கடைக்காரர்கள் உன்னிடம் சொல்வார்கள். தலையாட்டிவிடாதே. நகரங்களுக்கென்று 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டமே, கணக்கெடுப்பு முடியாமல் அவர்களை அகற்றக் கூடாது என்கிறது. பூ வாங்க நிற்கிறவள்தான் பக்கத்துக் கடையில் கற்பூரம் கேட்பாள். அதேபோல, கம்பெனிகளில் வேலை பார்க்கும் பீகார், ஒடிசா பையன்களை உங்கள் கூட்டத்துக்குக் கூப்பிடு. ஞாயிற்றுக்கிழமை கையில் காசோடு நடப்பவர்கள் அவர்கள். நம் மளிகைக் கடையில் கடுகு எண்ணெய் கிடைக்கிறதா என்று யாராவது அவர்களிடம் கேட்டிருக்கிறோமா?

கடைசியாக, கொஞ்சம் சங்கடமான விஷயம். யார் கடை எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது என்று நீ அளக்கப் போகிறாய் அல்லவா? அளவுநாடாவை முதலில் உன் அப்பா கடையில் வை. அந்தத் தகரக் கொட்டகை வடிகால் மேலேயே நிற்கிறது. அதைக் கழற்றிய பிறகு மற்றவர்களிடம் போ. அவன் முரண்டு பிடித்தால் எனக்குச் சொல். அவனுக்கு வேறு கடிதம் எழுதுகிறேன்.

அன்புடன்,
பெரியப்பா